அவ சொல்றதைக் கேக்காதீங்க ஆண்டவரே

அந்த வீட்டிலிருந்து தினமும் விடியற்காலையில் இரண்டு ஜெபங்கள் மேலே போகும். ஒன்றுக்கு ஒன்று நேர் எதிர். ஆண்டவர் எப்படித்தான் சமாளித்தாரோ!

சமையலறைத் தரையில் முழங்காலிட்டு லாண்டரியம்மா கேட்பாள்: "ஆண்டவரே, இன்னைக்காவது வந்து என்னைக் கூட்டிட்டுப் போங்க. உங்க முகத்தைப் பார்த்தாப் போதும்."

உடனே பக்கத்து அறைக் கட்டிலிலிருந்து நாத்தனாரின் குரல் வரும்: "அவ சொல்றதைக் கேக்காதீங்க ஆண்டவரே! அவ போயிட்டா என்னை யாரு புரட்டிப் போடுவா?"

லாண்டரியம்மா என்பது வேலை செய்யும் இடத்தில் ஒட்டிக்கொண்ட பெயர். ஆஸ்பத்திரி ஒன்றின் அடித்தளத்தில், படுக்கை விரிப்புகளைச் சூடான உருளையில் விட்டு எடுத்து, எதிரே இன்னொருத்தி நிற்க, இருவருமாக மூலை பிடித்து மடிக்கிற வேலை. சாயங்காலம் கால் வீங்கிச் செருப்புக்குள் நுழையாது. வீட்டுக்கு வந்தால் அங்கேயும் விரிப்புதான். நாத்தனாருக்கு இடுப்புக்குக் கீழே அசைவில்லை. தம்பி போய்ச் சேர்ந்த பிறகும் அவள் தம்பி பெண்டாட்டியின் பொறுப்பிலேயே தங்கிவிட்டாள். பகலில் பக்கத்து வீட்டுக்காரி பார்த்துக்கொள்வாள். இரவில் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை இவள்தான் எழுந்து புரட்ட வேண்டும், தவறினால் முதுகில் புண் வந்துவிடும். அதற்கும் ஒரு வழி வைத்திருந்தாள். அடியில் ஒரு விரிப்பை நாலாக மடித்துப் போட்டு அதன் ஓரத்தை இழுத்தால் உடம்பு தானாக உருளும். தொழில் புத்தி வேறென்ன!

இயேசுவின் முகத்தைப் பார்க்க வேண்டும் என்பது சிறுமியாக இருந்தபோதே பிடித்த ஆசை. அன்றைக்கு அதை நினைத்தாலே நெஞ்சு குளிரும். இப்போது சொல்லி முடிப்பதற்குள் கொட்டாவி வந்தது.

ஒருநாள் அந்தக் கொட்டாவி நாத்தனார் காதில் விழுந்துவிட்டது. "உனக்கு இயேசு மேல ஆசை இல்லடி. தூக்கத்து மேல ஆசை. பரலோகத்துல யாரையும் புரட்ட வேண்டாம் பாரு, அதான்!"

"உங்க வாய் இருக்கே அக்கா!" என்று லாண்டரியம்மா சிரித்து மழுப்பினாள். ஆனால் சுருக்கென்று தைத்துவிட்டது. அன்று முழுக்க அதே யோசனை. உண்மையாக இருந்துவிட்டால்? இத்தனை வருஷமும் கேட்டது அவரையா, இல்லை, கால் நீட்டிப் படுக்க ஓர் இடத்தையா? வேலையில் விரிப்பு மடிக்கும்போது எதிரே நின்றவள், "மூலை கோணுது, எங்க இருக்கே நீ?" என்று அதட்டினாள். லாண்டரியம்மாவுக்கு அழுகையே வந்துவிட்டது.

அந்த மழைக்காலத்தில் நாத்தனாருக்குச் சளி கட்டி மூச்சு இழுத்தது. இதயம் களைத்துவிட்டது, இனி அதிகம் எதிர்பார்க்க வேண்டாம் என்றார் டாக்டர்.

"நான் முந்திக்கறேன் போலிருக்கே" என்றாள் நாத்தனார்.

"வரிசையில நான்தான முன்னாடி நிக்கறேன்? நீங்க எங்க நடுவுல புகுந்தீங்க?" லாண்டரியம்மா விளையாட்டுக்குச் சொல்லவில்லை. நிஜமாகவே கோபம், ஆண்டவர் மேலேயும்தான்.

நாத்தனார் சிரித்தாள், இருமினாள், அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "பயமா இருக்குடி."

"பயப்படாதீங்க அக்கா. அவரு கூடவே இருப்பாரு."

"இத்தனை நாள் கேக்காதீங்கன்னு சொன்னேன்ல? இப்ப நேர்லயே போய்ச் சொல்றேன்."

"என்னன்னு?"

"அவளை முதல்ல ஒரு வாரம் தூங்க விடுங்க. அப்புறம் கேளுங்க, அவளுக்கு என்ன வேணும்னு."

மறுநாள் மத்தியானம் கண்ணை மூடினாள்.

அடக்கம் முடிந்த அன்று பொழுது சாய்ந்ததும் லாண்டரியம்மா படுத்தாள். இரண்டு மணி நேரத்தில் உடம்பு தானாக எழுந்து போய் விரிப்பின் ஓரத்தைப் பிடித்து இழுத்தது. விரிப்பு வெறுமனே கையோடு வந்துவிட்டது. அதில் முகத்தைப் புதைத்து அழுதாள். அழுதபடியே அந்தக் கட்டிலில் தூங்கிப்போனாள். வேலையில் லீவு கொடுத்திருந்தார்கள். தூங்கினாள், எழுந்து சாப்பிட்டாள், மறுபடி தூங்கினாள். பக்கத்து வீட்டுக்காரி அவ்வப்போது எட்டிப் பார்த்து, "உயிரோடதான இருக்கே?" என்று கேட்டுவிட்டுப் போனாள்.

ஒருநாள் கண்ணைத் திறந்தபோது நன்றாக விடிந்திருந்தது. கால் வலியைக் காணோம். சமையலறையில் முழங்காலிட்டாள்.

"ஆண்டவரே, நல்லாத் தூங்கிட்டேன்."

இந்த நிமிஷத்துக்குத்தான் பயந்துகொண்டிருந்தாள். தூக்கம் தீர்ந்தாயிற்று. மிச்சம் ஏதாவது இருக்கிறதா என்று உள்ளே தேடிப் பார்த்தாள். இருந்தது. அந்தச் சிறுமியின் ஆசை அப்படியே இருந்தது.

"இப்பவும் உங்க முகத்தைத்தான் பார்க்கணும்" என்றாள். கண்ணீர் கொட்டியது.

பழக்கத்தில், பக்கத்து அறையிலிருந்து மறுப்பு வரட்டும் என்று காத்திருந்தாள். ஒரு சத்தமும் இல்லை. மறுக்க ஆளில்லாமல் போனதால் அவளே சொல்ல வேண்டியதாயிற்று.

"அவசரம் இல்லை ஆண்டவரே. உங்களுக்கு எப்பத் தோணுதோ அப்பக் கூப்பிடுங்க. அதுவரைக்கும் அக்காவைப் பார்த்துக்கோங்க. புரட்டிப் போடுங்கன்னு கேப்பாங்க. கேக்காதீங்க. இப்ப அவங்களே எழுந்து நடப்பாங்க."

முகத்தைக் கழுவிக்கொண்டு வேலைக்குக் கிளம்பினாள்.