பவர் இல்லாத கண்ணாடி

எனக்குக் கண்ணில் ஒரு குறையும் கிடையாது. விக்கிரமசிங்கபுரம் முக்கில் நின்றுகொண்டு, மலையில் மேகம் எந்தப் பாறைக்கு மேல் தங்கியிருக்கிறது என்று சொல்லிவிடுவேன். ஆனாலும் தொண்ணூறுகளில் பெரும்பகுதி கறுப்பு ஃபிரேம் போட்ட மூக்குக் கண்ணாடியோடுதான் திரிந்தேன். அதற்குக் காரணம் என் அப்பா.

கல்லூரி முடித்த கையோடு விமானப்படைக்கு எழுதிப் போட்டிருந்தேன். எழுத்துத் தேர்வில் தேறி, நேர்முகத்துக்கு மைசூருக்குக் கூப்பிட்டார்கள். விமானம் ஓட்ட வருகிறவர்களுக்கென்று அங்கே ஒரு மெஷின் சோதனை உண்டு. உட்கார ஓர் இருக்கை, கைக்கு ஒரு தண்டு, காலுக்கு இரண்டு மிதிகள், எதிரே திரையில் ஒரு வெளிச்சப் புள்ளி. புள்ளி தன்பாட்டுக்கு நழுவி ஓடும். தண்டால் மேலும் கீழும், காலால் இடமும் வலமும் நகர்த்தி அதை நடுவில் நிறுத்த வேண்டும். கேட்பதற்கு விளையாட்டுச் சாமான் மாதிரி இருக்கும். உட்கார்ந்து பார்த்தால்தான் தெரியும். கால் செய்ய வேண்டிய வேலையைக் கை செய்தது, கை செய்ய வேண்டியதைக் கால் செய்தது. நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு தண்டை நெரிக்க நெரிக்க, அந்தப் புள்ளி மூலைக்கு மூலை ஓடியது. ஆயுளில் ஒரே ஒரு தடவைதான் அந்தச் சோதனையில் உட்கார விடுவார்கள். தேறவில்லை என்றால் பிறகு விமானி என்ற பேச்சே கிடையாது. அன்று மத்தியானமே என்னை ரயிலேறச் சொல்லிவிட்டார்கள்.

அப்பா மில் ஆபீஸில் குமாஸ்தா. மகன் மைசூருக்குப் போன கதையை மில் முழுக்கச் சொல்லி வைத்திருந்தார். நான் வந்து அவரிடம் மட்டும் நடந்ததைச் சொன்னதும் முகத்தைத் துண்டால் துடைத்துக்கொண்டார். ஆனால் மறுநாள் காலை ஷிப்ட் சங்கு ஊதுவதற்கு முன்பே மில் கேட்டில் அவர் கதையைத் தயார் செய்துவிட்டார்.

"எல்லாத்துலயும் பாஸு வே. கண்ணுல மட்டும் கொஞ்சம் கோளாறுன்னு திருப்பி அனுப்பிட்டான்."

மெஷினில் தோற்றான் என்றால் மூளை மட்டு என்பார்கள். கண் என்றால் அடடா என்பார்கள். எல்லாரும் அடடா என்றார்கள். அதோடு அப்பா விடவில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை என்னை ஜங்ஷன் கடைத்தெருவுக்குக் கூட்டிப்போய், ஒரு கடையில் பவர் இல்லாத கண்ணாடி வாங்கி மாட்டிவிட்டார். "போட்டுக்கோலே. பாத்தா நல்லா படிச்ச களையா இருக்கு" என்றார். அந்தப் படித்த களையோடு மில்லில் ஆள் வருகை குறிக்கிற டைம் ஆபீஸ் வேலைக்குப் போக ஆரம்பித்தேன்.

இனி என் மருமகனைப் பற்றிச் சொல்ல வேண்டும். அக்காள் மகன். அக்காளுக்கு அடுத்த தெருவில்தான் வீடு. அவனுக்கு மொட்டை போட்டுக் காது குத்தியது என் மடியில் வைத்துத்தான். தாய்மாமன் நான் ஒருத்தன்தானே. அப்போது நானே பள்ளிக்கூடத்துப் பையன். அவன் அலறினான், ஆளுக்கு ஆள் கற்கண்டும் பொம்மையும் நீட்டினார்கள், அவன் என் புது வேட்டியை நனைத்தான். என்னை யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. அவன்மேல் எனக்குப் பொறாமை ஆரம்பித்தது அன்றைக்கே என்றுதான் நினைக்கிறேன்.

என் அறைச் சுவரில் பத்திரிகையிலிருந்து வெட்டி ஒட்டிய போர் விமானத்தின் படம் ஒன்று இருந்தது. மைசூரிலிருந்து வந்த அன்றைக்கு அதைக் கிழித்துப் போட்டேன். இரண்டு நாள் கழித்து அக்காள் வீட்டுக்குப் போனால், அந்தத் துண்டுகள் பசை தடவிச் சேர்க்கப்பட்டு அவன் மேசைக்கு மேலே இருக்கின்றன. பதின்மூன்று வயது அவனுக்கு.

"மாமா, நானும் பைலட் ஆவப் போறேன்" என்றான்.

என் ஆசையை நான் இன்னும் தூக்கிக்கூடப் போடவில்லை, அதற்குள் எடுத்துக்கொண்டுவிட்டான்.

எனக்கு இந்த ஆசை வந்த காலத்தில் வீட்டில் கிடைத்தது என்ன? "மொதல்ல காலூனி நில்லு, பொறவு பறக்கலாம்" என்று அப்பா சொன்னார். அதே அப்பா இவனுக்கு இங்கிலீஷ் பேப்பர் வாங்கிப் போட்டார். அத்தான் சைக்கிள் வாங்கிக் கொடுத்தார். அம்மா இவனுக்கென்று தனியாகப் பால் எடுத்து வைத்தாள். எனக்கு வயிறு எரிந்தது. சும்மா அல்ல, சாப்பிட உட்கார்ந்தால் சோறு இறங்காத அளவுக்கு எரிந்தது.

ஒரு விஷயத்தில் மட்டும் எனக்குக் கொஞ்சம் ஆறுதல். வீட்டார் எல்லாரும் அவனுடைய கண்ணைத்தான் கவனித்தார்கள். மாமன் போனது கண்ணால், மருமகனுக்கு அது ஆகிவிடக் கூடாது. பொன்னாங்கண்ணிக் கீரை, கேரட், வாரம் தவறாமல் எண்ணெய் தேய்த்துக் குளியல். டீவியைக் கூடத்தின் அந்தக் கோடியிலிருந்துதான் பார்க்கலாம். சாயங்காலம் அக்காள் அவனை ரோட்டு முக்குக்குக் கூட்டிப்போய், தூரத்தில் பஸ் வரும்போதே, "எய்யா, போர்டுல என்ன எழுதிருக்கு?" என்று கேட்பாள்.

"பாவநாசம்."

"அது?"

"அம்பாசமுத்திரம் வழி ஜங்ஷன்."

அக்காள் பூரித்துப்போய் அவன் முகத்தை வழித்துத் திருஷ்டி கழிப்பாள். நான் என் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு பக்கத்தில் நிற்பேன். கீரையைத் தின்னுடா மகனே, அந்த மெஷினில் கீரை ஒன்றும் செய்யாது என்று மனசுக்குள் சொல்லிக்கொள்வேன்.

அவனுக்கு நான் யோசனை சொல்லாமல் இல்லை. விடாமல் கேட்பான். பதினொன்றாம் வகுப்பில் கணக்கும் இயற்பியலும் உள்ள பிரிவில் சேர், அதில்லாமல் முதல் படியே ஏற முடியாது என்றேன். தினமும் ஓடு, அணைக்கட்டுப் பக்கம் நீந்து, பேப்பரைச் சத்தம் போட்டு வாசி, தப்பானாலும் இங்கிலீஷில் பேசு என்றேன். அங்கே உன்னைப்போல் நாலு பேரைச் சேர்த்துவிட்டு, பலகையும் கயிறும் கொடுத்து, பள்ளத்தைத் தாண்டச் சொல்வார்களாம். நீ ஒருத்தனே பெரிய ஆள் மாதிரிக் கத்தாதே, கூட வருகிறவன் சொல்வதையும் கேள் என்றேன். தெரியாததைக் கேட்டால் தெரியாது என்று சொல், கதை விடாதே என்றேன். மூக்கில் ஒரு கதையை மாட்டிக்கொண்டு இதைச் சொன்னேன்.

எல்லாம் சரியான யோசனைகள்தான். ஆனால் ரேஷனில் அளந்து போடுகிற மாதிரிச் சொன்னேன். மெஷினைப் பற்றி மட்டும் வாய் திறக்கவில்லை. சொன்னால் அப்பாவின் கதை உடைந்துவிடும் என்பது ஒரு காரணம். எனக்குக் கிடைக்காதது இந்தப் பயலுக்கு ஏன் கிடைக்க வேண்டும் என்பது இன்னொரு காரணம். எது பெரிய காரணம் என்று கேட்டால், இரண்டாவதுதான்.

அவன் பதினொன்றாம் வகுப்பில் இருந்தபோது ஒருநாள் ஆற்றுக்குக் குளிக்கப் போயிருந்தோம். கண்ணாடியைக் கழற்றித் துண்டின்மேல் வைத்துவிட்டு நான் முங்கி எழுந்தபோது, அவன் அதைக் கையில் பிடித்து, மடித்து வைத்த பேப்பருக்கு மேலே தூக்கியும் இறக்கியும் பார்த்துக்கொண்டிருந்தான்.

"மாமா, எங்க சார் கண்ணாடில பாத்தா எழுத்து சிறுத்துப் போவுது. ஒங்களுதுல அப்படியே இருக்கே?"

"வையிலே அங்கன."

வைத்துவிட்டான். தலையைத் துவட்டினான். பிறகு பையக் கேட்டான். "நெசத்துல எதுல போச்சு மாமா?"

அவன் குரலில் கேலி இருந்திருந்தால் ஓங்கி ஒன்று வைத்திருப்பேன். இல்லை. தன்னுடைய வழியில் எங்கே பள்ளம் இருக்கிறது என்று தெரிந்துகொள்ள வேண்டும், அவ்வளவுதான் இருந்தது. நான் வேட்டியைப் பிழிந்துகொண்டே மெஷினைப் பற்றிச் சொன்னேன். அப்பாவைத் தவிர யாரிடமும் சொல்லாமல் மனசுக்குள்ளேயே கிடந்த விஷயம், ஆரம்பித்ததும் நிறுத்த முடியவில்லை. புள்ளியைத் துரத்தாதே என்றேன். அது ஓடின பிறகு இழுக்காதே, கிளம்பும்போதே மெதுவாக எதிர்ப்பக்கம் கொடு. தண்டை நெரிக்காதே. மூச்சை விடு. முடிவில், "ஒரு பயகிட்டயும் சொல்லிராத" என்றேன்.

அவன் கடைசிவரை யாரிடமும் சொல்லவில்லை. இதற்கும் நான் பொறாமைப்பட வேண்டியிருந்தது. அந்த வயதில் என்னால் ஒரு ரகசியத்தையும் காப்பாற்ற முடிந்ததில்லை.

அதன் பிறகு நாங்கள் இருவரும் சேர்ந்து அக்காள் வீட்டு மாடியில் ஒரு மெஷின் செய்தோம். சைக்கிள் கடையில் கிடந்த பழைய ஹேண்டில்பாரைப் பலகையில் சுழலும்படி பொருத்தி, அதன்மேல் முகம் பார்க்கும் கண்ணாடித் துண்டு ஒன்றைக் கட்டினோம். கண்ணாடியில் விழுகிற வெயில் எதிர்ச் சுவரில் புள்ளியாக விழும். ஹேண்டில்பாரைக் காலால் மிதித்தால் புள்ளி இடவலமாகப் போகும். கண்ணாடியோடு கட்டிய குச்சியைக் கையால் அசைத்தால் மேலும் கீழும் போகும். சுவரில் கரியால் ஒரு வட்டம். அவன் உட்கார்ந்து புள்ளியை வட்டத்துக்குள் வைக்க வேண்டும், நான் கயிறு கட்டி இழுத்து அதைக் கலைப்பேன். அக்காள் கேட்டதற்குப் பள்ளிக்கூடப் பரிசோதனை என்று சொல்லிவைத்தோம்.

முதல் நாள் கொஞ்சம் தடுமாறினான். நாலைந்து நாளில், நான் கயிற்றை எந்தப் பக்கம் வெட்டி இழுத்தாலும் புள்ளி வட்டத்தைவிட்டு அசையவில்லை. பாவிப் பயல் இடையிடையே என்னோடு பேசிக்கொண்டே செய்தான். கீழே போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வருகிறேன் என்று அவன் எழுந்த நேரத்தில் நான் உட்கார்ந்து பார்த்தேன். சரியான யோசனைகள் அத்தனையும் எனக்குத் தெரியும். ஆனாலும் புள்ளி சுவரைத் தாண்டிப் பக்கத்து வீட்டுத் தென்னை மரத்துக்குப் போய்விட்டது. அவன் படியேறுகிற சத்தம் கேட்டதும் எழுந்து கயிற்றைப் பிடித்துக்கொண்டேன்.

பன்னிரண்டாவது எழுதிய வருஷம் அவனுக்கும் நேர்முகம் வந்தது. போனான். நான் ஒரே நாளில் திரும்பினேன். அவன் நாளாகியும் வரவில்லை. நாள் ஆக ஆக வீட்டில் எல்லார் முகமும் மலர்ந்தது. எனக்கு மட்டும் காய்ச்சல் வருகிற மாதிரி இருந்தது.

வந்தான். பையைக் கீழே வைத்துவிட்டுக் கூடத்தில் உட்கார்ந்தான். அப்பா, அக்காள், அத்தான், நான் எல்லாரும் சுற்றி நின்றோம்.

"நேர்முகத்துல எல்லாம் பாஸு. மெஷினும் பாஸு. மெடிக்கல்ல திருப்பிட்டாங்க" என்றான். "கண்ணு சரியில்லையாம்."

அப்பா என்னை ஒரு பார்வை பார்த்தார். பிறகு அவன் பக்கத்தில் குனிந்து, தோளில் தட்டி, ரகசியமான குரலில் சொன்னார். "சரிலே, விடு. வெளிய அப்படியே சொல்லிருவோம்."

"இல்ல தாத்தா, நெசமாவே கண்ணுதான். தூரத்துல உள்ளது எனக்குத் தெரியலையாம்."

அக்காள் தலையில் கை வைத்துக்கொண்டாள். "தெனமும் பஸ் போர்டு வாசிச்சியேலே!"

"நம்மூர்ல போர்டைப் பாத்தா பஸ் ஏறுதோம்? வார சத்தத்தை வச்சே எதுன்னு சொல்லிரலாம்லா. எல்லாரும் அப்படித்தான் சொல்லுதாங்கன்னு நெனச்சேன்."

கீரை, கேரட், எண்ணெய்க் குளியல் என்று அத்தனை வருஷம் பார்த்தவர்கள், ஒரு தடவைகூட அவனைக் கண் டாக்டரிடம் காட்டவில்லை. எங்கள் வீட்டில் கண்ணாடி என்பது கடையில் போய்ப் பிடித்த ஃபிரேமாகப் பார்த்து வாங்குகிற சாமான். எனக்கும் தோன்றவில்லை. கண் என்பது அப்பா கட்டின கதை என்று எனக்குத் தெரியும், அதனால் கண் என்று ஒன்று நிஜமாகவே இருப்பதை மறந்துவிட்டேன். இன்றைக்கு எந்தப் பிள்ளையாவது விமானி ஆக வேண்டும் என்று வந்து நின்றால், முதலில் நல்ல கண் டாக்டரைப் பார் என்றுதான் சொல்கிறேன். மற்றதெல்லாம் அதற்குப் பிறகு.

ஊரில் அடுத்த வாரமே பேச்சு முடிந்துவிட்டது. மாமனுக்கும் கண், மருமகனுக்கும் கண், வம்சத்தில் ஓடுகிறது. எனக்கு உள்ளே வேறு ஓடியது. நான் எதில் விழுந்தேனோ அதை அவன் தாண்டிவிட்டான். எந்தத் தோல்வி கௌரவமானது என்று அப்பா எனக்குக் கடையில் வாங்கிக் கொடுத்தாரோ, அது அவனுக்குப் பிறவியிலேயே கிடைத்திருக்கிறது. தோற்றதில்கூட என்னை முந்திவிட்டான்.

அவனுக்குக் கண்ணாடி வாங்க ஜங்ஷனுக்குக் கூட்டிப்போனது நான்தான். இந்தத் தடவை டாக்டரைப் பார்த்து, அவர் சொன்ன பவரில் வாங்கினோம். பஸ் ஸ்டாண்டில் அவன் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, நின்ற பஸ் ஒவ்வொன்றின் போர்டையும் வாய்விட்டு வாசித்தான். எனக்கு அழுகை வரப் பார்த்தது. ஊர்ப் பஸ்ஸில் அவனை ஜன்னல் பக்கம் உட்காரவைத்தேன். அம்பாசமுத்திரம் தாண்டியதும் வயலுக்கு அப்பால் மலை வந்தது. கம்பியைப் பிடித்தபடி அப்படியே பார்த்துக்கொண்டிருந்தான்.

"மாமா, அங்கன மரம் மரமாத் தெரியுது" என்றான். "நான் மலைன்னா ஒரே பச்சைன்னுல்லா நெனச்சேன். ஒங்களுக்கு எப்பமும் இப்படித்தான் தெரியுமா?"

"ஆமா."

என் மூக்கில் இருந்த கண்ணாடியைப் பார்த்தான். பிறகு மலைப் பக்கம் திரும்பிக்கொண்டு சொன்னான்.

"ஒங்களப் பாத்தாப் பொறாமையா இருக்கு மாமா."

என் வாழ்க்கையில் என்னிடம் யாரும் அப்படிச் சொன்னதில்லை. நல்ல மாமன் என்றால் அந்த நேரத்தில் அவன் தோளில் கை போட்டு ஏதாவது ஆறுதல் சொல்லியிருப்பான். நான் கண்ணாடியைக் கழற்றிச் சட்டைப் பையில் வைத்தேன்.

"என்னலே சொன்ன?" என்று கேட்டேன்.

காதில் விழாமல் இல்லை. இன்னொரு தடவை அவன் வாயால் கேட்க வேண்டும்போல் இருந்தது.