ஆரஞ்சும் ஆப்பிளும்

நான் எழுதிய ஒரே பாட்டு, அக்கா கல்யாண நலங்கில் மாமாவைக் கிண்டல் செய்ய எழுதியது. பெண் பார்க்கச் சிதம்பரத்திலிருந்து ரயிலில் வந்தவர், போர்டில் ‘கடலூர்’ என்று கண்டதும் முதுநகரிலேயே இறங்கிவிட்டார். நாங்கள் ஊருக்குள் இருக்கும் அடுத்த ஸ்டேஷனான திருப்பாதிரிப்புலியூரில் காத்திருந்தோம். பழப்பையோடு வெயிலில் நடந்தே வந்தவர், பசி தாங்காமல் வழியில் ஒரு ஆரஞ்சைத் தின்றும் இருந்தார். இவ்வளவு செய்துவிட்டு வந்த மாப்பிள்ளையைச் சும்மா விடுவேனா?

‘முதுநகரு எறங்கி முகம் வாடி வந்தவரே, பையில இருந்த ஆரஞ்சு பாதியில போனதெங்கே?’ என்று நான் பாடப் பாட, சந்தனம் பூசிய முகத்தோடு மாமாதான் ஜாஸ்தி சிரித்தார்.

யாரோ போனில் எடுத்ததைக் கேட்டு, சிதம்பரத்தில் கச்சேரி செய்யும் ஒரு பாடகி மேளம் சேர்த்து வேகமாகப் பாடி யூடியூபில் போட்டார். இப்போது அந்தப் பாட்டு இல்லாமல் இந்தப் பக்கம் நலங்கே கிடையாது. வீடியோவின் கீழே ‘கிராமியப் பாடல்’ என்று போட்டிருந்தது. ரேஷன் கார்டில் பெயரோடு உயிரோடிருக்கிற என்னைக் கிராமமாக்கிவிட்டார்களே என்று கொதித்தேன்.

போன மாதம் சிதம்பரத்தில் ஒரு உறவுக்காரர் கல்யாணம். மாமா இறந்த பிறகு அக்கா வந்த முதல் கல்யாணம் அது. நலங்கில் அதே பாடகி, அதே பாட்டு. நானும் கூடவே பாடினேன். பக்கத்திலிருந்த பெண் தோளைத் தட்டினாள்.

"ஆன்ட்டி, ஆரஞ்சு இல்ல, ஆப்பிள். தப்பா பாடுறீங்க."

இன்றைக்கு மேடையேறி மைக்கிலேயே கேட்டுவிடுவது என்று எழுந்தேன். அக்கா கையைப் பிடித்துக்கொண்டாள்.

"சண்டைக்கா போற? நீ பாடுனது அன்னிக்கு ஒரு நாள்தான்டி. அவுங்க பாடுறதால உங்க மாமா இன்னும் ஊர் ஊரா எறங்கி நடந்து வர்றாரு."

ஆனாலும் மேடைக்குப் போனேன். பாடகியின் கையைப் பிடித்து, "ரொம்ப நன்றிம்மா. இன்னொரு வாட்டி பாடுறீங்களா?" என்று கேட்டேன்.

"உங்களுக்கு அவ்ளோ புடிக்குமா?"

"எங்க அக்காவுக்கு."

அவர் மறுபடி பாடினார். மண்டபம் முழுக்க ஆப்பிள் என்றது. அக்கா மட்டும் கண்ணைத் துடைத்துக்கொண்டு, சத்தமாக, ஆரஞ்சு என்று பாடினாள்.