மாணிக்கம் அண்ணன் துடைக்காத கண்ணாடி

செய்தியைச் சொன்னது மாணிக்கம் அண்ணனின் மகள் விஜயா. பிரிக்பீல்ட்ஸில் ஒரு கூட்டத்துக்குப் போக நான் பத்திரிகை அலுவலகப் படியிறங்கும்போது மேலிருந்து கூப்பிட்டார்கள், கிள்ளானிலிருந்து போன் என்று.

"அங்கிள், அப்பா போயிட்டாரு. காலையில தேத்தண்ணி குடிச்சாரு, நாற்காலியில சாஞ்சாரு, அவ்வளவுதான்."

விஜயாவே தொடர்ந்தாள். "ஒன்னு கேக்கணும் அங்கிள். அப்பாவோட மீட்டர்ல முள்ளு ஏறிக்கிட்டே இருக்கு. ஆளுங்கல்லாம் வர ஆரம்பிச்சிட்டாங்க. என்னால அதப் பார்க்க முடியல. சோலார எப்படி ஆஃப் பண்றது? சுவிட்சையே காணோமே."

எனக்கும் தெரியவில்லை. வருகிறேன் என்று மட்டும் சொன்னேன்.

கிள்ளான் வாசகர்களில் பலருக்கு மாணிக்கம் அண்ணனைத் தெரிந்திருக்கும். தண்டவாளத்துக்கு அப்பால், நாம் கம்பம் என்று சொல்லும் புறம்போக்குக் குடியிருப்பில், கூரைமேல் நீலக் கண்ணாடிப் பலகை வைத்திருந்தவர். தொலைபேசி இலாகாவில் தொழில்நுட்ப ஊழியராக இருந்து ஓய்வு பெற்றார். மின்கம்பி போகாத மலை உச்சி நிலையங்களில் அந்த இலாகா சோலார் பலகைகளைத்தான் வைத்திருந்தது. அவற்றைப் பார்த்துக்கொள்வது அவர் வேலை. பழைய பலகைகளைக் கழித்து ஏலம் விட்டபோது ஒன்றை எடுத்து லோரியில் ஏற்றி வீட்டுக்குக் கொண்டுவந்தார். அவருடைய கம்பத்துக்கும் மின்கம்பி போகவில்லை. வீடுகள் இருந்த நிலம் அங்கே குடியிருந்த யாருக்கும் சொந்தமில்லாததால் கரண்ட் கேட்டு எழுதிய மனுக்கள் எல்லாம் ஒரே பதிலோடு திரும்பி வந்தன. மற்றவர்கள் ஜெனரேட்டர் ஓட்டினார்கள். இவர் வெயிலைப் பிடித்து பேட்டரியில் வைத்துக்கொண்டார். இரண்டு விளக்கு, ஒரு ரேடியோ, ஒரு சின்ன மேசை விசிறி.

அவரைப் பற்றி நான் எழுதிய முதல் செய்திக்கு எங்கள் செய்தியாசிரியர் ஒரு தலைப்புப் போட்டார்: 'வெயிலில் வெந்நீர் வைக்கும் கிள்ளான் மனிதர்!' பெட்டாலிங் ஜெயாவில் பணக்கார வீட்டுக் கூரைகளில் இருந்த வெந்நீர்த் தொட்டியோடு அவர் குழப்பிக்கொண்டார். மறுநாள் மாணிக்கம் அண்ணன் மோட்டார் சைக்கிளில் அலுவலகத்துக்கே வந்துவிட்டார்.

"யாரு தம்பி நீதானா எழுதினது? நான் எப்பய்யா வெந்நி வெச்சேன்? காலையிலேர்ந்து கம்பத்துல ஆளாளுக்கு வாளியத் தூக்கிட்டு வந்து நிக்கிறான்."

செய்தியாசிரியர் திருத்தம் போடுவதாகச் சொன்னார்.

"திருத்தம்லாம் வேணாம் லா. நீங்க ஒரு நாள் வீட்டுக்கு வாங்க. அந்த மீட்டரப் பாத்துட்டு அப்புறம் தலைப்புப் போடுங்க."

கடைசிவரை கம்பத்தில் அவருக்கு வெந்நீர்க்காரர் என்றுதான் பேர். அவர் மனைவி சரோஜா அக்காகூட, கோபம் வந்தால், "ஏங்க வெந்நிக்காரரே" என்றுதான் கூப்பிடுவார்.

செய்தியாசிரியர் போகவில்லை, நான் போனேன். அதற்குப் பிறகும் போய்க்கொண்டே இருந்தேன். மீட்டர் சமையலறைச் சுவரில், சாமி படத்துக்குப் பக்கத்தில் இருந்தது. கைக்கடிகாரத்தைவிடக் கொஞ்சம் பெரிய வட்டம், ஒரு முள். பலகையிலிருந்து பேட்டரிக்குப் போகும் மின்சாரத்தை அது காட்டும். தெளிந்த வானத்தில் உச்சி வெயிலுக்கு மூன்று ஆம்பியர் வர வேண்டும். வந்தால் அவர் எதுவும் சொல்ல மாட்டார். குறைந்தால் எழுந்து போய் ஏணியை எடுப்பார். வெளியே போய்விட்டு வந்தால் செருப்பைக் கழற்றுவதற்கு முன்பே கண் அங்கே போகும். "என் முகத்தப் பார்க்கிறதுக்கு முன்னால அந்த முள்ளத்தான் பார்ப்பாரு" என்று சரோஜா அக்கா என்னிடம் புகார் சொல்வார்.

"உன் முகம் ஏறி இறங்குறது எனக்கு மீட்டர் இல்லாமயே தெரியும்" என்பார் இவர்.

பக்கத்துத் தாமான் குடியிருப்பில் ஒருவர் அவரைப் பார்த்து ஒரு பலகை வாங்கினார். ஒரே மாதத்தில் ஏமாற்றிவிட்டான் கடைக்காரன் என்று வந்து கத்தினார். மாணிக்கம் அண்ணன் ஈரத்துணியோடு அந்த வீட்டுக் கூரையில் ஏறினார். நானும் உடன் இருந்தேன். பறவை எச்சமும் லோரிப் புழுதியும் படிந்த கண்ணாடியைத் துடைத்துவிட்டு இறங்கினார். முள் ஏறியிருந்தது. "முதல்ல துடை, அப்புறம் திட்டு" என்று அந்த மனிதரிடம் சொன்னார். இதை அவர் எல்லாரிடமும் சொல்வார். பலகையைப் பற்றி மட்டுமல்ல. ஒரு நாள் ஓர் அரசியல்வாதியைப் பற்றி நான் பொரிந்து தள்ளியபோதும் இதையேதான் சொன்னார்.

கண்ணாடிக்குக் கீழே கட்டம் கட்டமாக நீலச் சில்லுகள் இருக்கும். அதில் ஒரே ஒரு கட்டத்தை மறைத்தாலும் முழுப் பலகையும் சோர்ந்துபோகும் என்று அன்று அவர் விளக்கினார். நான் நம்பவில்லை. ஒன்று போனால் மற்றவை வேலை செய்யாதா என்றேன். "தீ புடிச்ச வீட்டுக்கு வரிசையா நின்னு வாளி கை மாத்துறாங்க. நடுவுல ஒருத்தன் அரை வாளிதான் வாங்குவேன்னா கடைசி ஆளுக்கு எத்தன வாளி வரும்?"

அப்புறம் அந்தப் புகைமூட்டம் வந்தது. அந்த வருடத்தை இந்தப் பக்கத்தில் யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். கடலுக்கு அப்பால் எரிந்த காட்டின் புகை வாரக்கணக்கில் நம்மேல் வந்து படுத்துக்கொண்டது. நடுப்பகலில் ஷா ஆலம் சாலையில் கார்கள் விளக்குப் போட்டு ஓடின. வெயில் ஆரஞ்சுப் பழத் தோல்போல நிறம் மாறியது. மாணிக்கம் அண்ணனின் முள் முதல் வாரம் இரண்டரையில் நின்றது. பிறகு இரண்டுக்கும் கீழே போனது. துடைத்துப் பார்த்தார், கம்பி மாற்றினார், பேட்டரிக்கு நீர் ஊற்றினார். "பலகைக்கு ஒன்னும் இல்ல தம்பி. மேலருந்தே வரமாட்டேங்குது" என்றார்.

சரோஜா அக்காவுக்கு ஏற்கெனவே நெஞ்சுச் சளியும் மூச்சிரைப்பும் இருந்தன. புகை வந்ததும் படுத்துவிட்டார். மருந்து இருந்தது. மருந்துக்கு மேல் அவருக்கு ஆறுதல் தந்தது அந்தச் சின்ன விசிறிதான். முகத்துக்கு நேரே காற்றடித்தால் மூச்சு வருவது போலிருக்கிறது என்பார். பேட்டரி இறங்கினால் விசிறி மெதுவாகும். விசிறி மெதுவானால் அவர் எழுந்து உட்கார்ந்துவிடுவார். எந்தப் புகை அவருடைய மூச்சை அடைத்ததோ அதே புகைதான் விசிறிக்கான வெயிலையும் அடைத்தது. விசிறி அதிகம் தேவைப்பட்ட நாட்களில்தான் முள் மிகவும் கீழே நின்றது. மாணிக்கம் அண்ணன் விளக்குகளைக் கழற்றினார், ரேடியோவை நிறுத்தினார், எல்லாவற்றையும் விசிறிக்கே விட்டார். அதற்கு மேல் அவர் செய்யக்கூடியது எதுவும் இல்லை.

விஜயா ரவாங்கில் இருக்கிறாள். அங்கே வந்துவிடச் சொன்னாள். அங்கும் இதே புகைதானே என்றார் சரோஜா அக்கா. பூட்டிக் கிடக்கும் வீட்டை உடைத்துவிடுவார்கள் என்ற பயம் கம்பத்தில் எல்லாருக்கும் இருந்தது. அவர்கள் போகவில்லை.

அந்த நேரத்தில்தான் ஆயுத பூசை வந்தது. வருடா வருடம் மாணிக்கம் அண்ணன் மோட்டார் சைக்கிளுக்கும் தையல் மெஷினுக்கும் பொட்டு வைத்துவிட்டுக் கூரையில் ஏறி, பலகையின் நான்கு மூலைகளிலும் அலுமினியச் சட்டத்தில் சந்தனம் வைப்பார். கண்ணாடியில் படாமல் பார்த்து வைப்பார். அந்த வருடம் சரோஜா அக்கா தானே வைக்க வேண்டும் என்றார்.

"மூச்சே விட முடியல, கூரையில ஏறப் போறியா?"

"கூரையில இல்ல, ஏணியில. எனக்குக் காத்து குடுக்கிற சாமிக்கு நான் வெக்காம யாரு வெப்பா? ஏணியப் புடிங்க."

அன்று நான் அங்கே இருந்தேன். தாழ்ந்த கூரைதான். அவர் நான்கு படி ஏறினார், ஒவ்வொரு படியிலும் நின்றார். கைக்கு எட்டிய இடத்தில், கண்ணாடிமேல், மூன்று விரலால் சந்தனத்தை இழுத்துப் பூசி நடுவில் பெரிய குங்குமப் பொட்டு வைத்தார். கீழே ஏணியைப் பிடித்திருந்த மாணிக்கம் அண்ணன் வாயைத் திறந்தார். பிறகு ஏணியை இன்னும் இறுக்கிப் பிடித்தார். அக்கா இறங்கி வந்து, "இனிமே பாருங்க, நல்லா வேலை செய்யும்" என்றார்.

உள்ளே போனோம். ஏற்கெனவே கீழே இருந்த முள் இன்னும் ஒரு கோடு இறங்கி நின்றது.

மறுநாள் அவர் ஈரத்துணியோடு ஏணியை எடுத்திருக்கிறார். படுக்கையிலிருந்து அக்கா கேட்டிருக்கிறார், "எங்க ஏறுறீங்க?"

"தூசி."

"தூசியத் துடைங்க. பொட்ட அழிச்சிடாதீங்க."

துணியைப் பிழிந்து கொடியில் போட்டுவிட்டார். பேட்டரியைக் கழற்றி மோட்டார் சைக்கிளின் பின்னால் கயிறு போட்டுக் கட்டி, பாசார் சந்தைக்குப் பக்கத்தில் இருந்த வொர்க்‌ஷாப்பில் சார்ஜ் போடக் கொடுத்தார். பிறகு அதுவே வழக்கமாகிவிட்டது. அந்தக் கனத்தை அந்த வயதில் தூக்கித் தூக்கி அவருக்கு இடுப்புப் பிடித்துக்கொண்டது. பொட்டை ஒரு துணியால் துடைத்தால் இறங்கிய முள் ஏறும், இவ்வளவு அலைய வேண்டாம் என்று அவருக்குத் தெரியும். எனக்கும் தெரியும். நான் சொல்லவில்லை. அவர் என் பக்கமே பார்க்கவில்லை.

சரோஜா அக்கா அந்த மாதமே இறந்தார். விசிறி நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது என்று மாணிக்கம் அண்ணன் வந்தவர்களிடமெல்லாம் சொன்னார். யாரும் அதைக் கேட்கவில்லை. அவரே சொன்னார்.

பதினாறாம் நாள் சடங்குக்குப் போனேன். புகை அப்போதும் முழுதாக விலகவில்லை. முள் ஒன்றுக்குப் பக்கத்தில் நின்றது. விஜயாவின் கணவன், நல்ல பிள்ளை, "மாமா, ரொம்பக் கம்மியா காட்டுதே, ஏறித் துடைச்சி விடட்டுமா? நீங்கதான சொல்வீங்க, முதல்ல துடைன்னு" என்றான்.

"வேணாம்" என்றார். அவ்வளவு சத்தமாக அவர் பேசி நான் கேட்டதில்லை.

பிற்பகலில் இருட்டிக்கொண்டு வந்தது. இரண்டு மாதமாகக் கிள்ளான் பள்ளத்தாக்கு முழுவதும் கோயிலிலும் பள்ளிவாசலிலும் எந்த மழைக்காகக் கைகூப்பி நின்றார்களோ அந்த மழை. முதல் துளி தகரக் கூரையில் விழுந்ததும் கம்பமே வெளியே ஓடிவந்தது. இழவு வீடு என்று பார்க்காமல் எங்களோடு இருந்தவர்களும் முற்றத்துக்குப் போய் முகத்தை நீட்டினார்கள். "வந்துடுச்சுடா! ஊத்து, ஊத்து!" என்று யாரோ கத்தினார்கள்.

மாணிக்கம் அண்ணன் பின்பக்கம் போனார். நானும் போனேன். பழைய கித்தான் ஒன்றை மடித்து நெஞ்சோடு பிடித்துக்கொண்டு ஏணியின் அடியில் நின்றார். ஒரு கால் முதல் படியில் இருந்தது. மருமகன் ஓடிவந்தான். "மாமா, வழுக்கும், ஏறாதீங்க. மழை நல்லதுதான மாமா, தானா கழுவி விட்டுடும்."

அவர் காலை எடுத்துக் கீழே வைத்தார். "இந்த மழைக்கு மூடிடுவேன் தம்பி" என்றார் என்னிடம். "நாளைக்கு மழைக்கு?"

கூரையிலிருந்து தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது. அதில் மஞ்சளோ சிவப்போ எதுவும் எனக்குத் தெரியவில்லை. அவருக்குத் தெரிந்ததா என்று நான் கேட்கவில்லை.

அன்று அங்கேயே தங்கினேன். மறுநாள் பல வாரங்களுக்குப் பிறகு வானம் நீலமாக இருந்தது. வெயில் ஏறியதும் சமையலறையிலிருந்து மருமகன் கூப்பிட்டான். "மாமா, வந்து பாருங்க, மூணு! முழுசா மூணு!" மாணிக்கம் அண்ணன் வந்து மீட்டருக்கு முன்னால் நின்றார். சட்டையின் மேல்பொத்தானைப் போட்டுக்கொண்டார்.

"ஆமா" என்றார். "நல்லா வேலை செய்யுது."

இந்த வாரம், அவரை எடுத்துச் செல்வதற்கு முன், விஜயாவின் கேள்விக்கு எனக்குப் பதில் கிடைத்தது. பலகைக்கு சுவிட்ச் கிடையாது, வெயில் இருக்கும்வரை அது நிற்காது, வேண்டுமானால் மூடிவைக்கலாம் என்று எப்போதோ அவர் சொன்னது நினைவுக்கு வந்தது. மருமகன் அதே கித்தானோடு கூரையில் ஏறினான்.

"கண்ணாடி பளபளன்னு இருக்கு அங்கிள்" என்று மேலிருந்து சொன்னான். "நேத்துத் துடைச்ச மாதிரி இருக்கு."

நான் மீட்டருக்கு முன்னால் நின்றிருந்தேன். கித்தான் விரிய விரிய முள் இறங்கி, கடைசிக் கோட்டில் சாய்ந்து நின்றது. விஜயா எனக்குப் பக்கத்தில் வந்து நின்று பார்த்தாள்.

அவரிடமிருந்து என்னிடம் தங்கியிருப்பது இரண்டு. ஒன்று, முதல்ல துடை, அப்புறம் திட்டு என்ற சொல். எழுதுகிறவனுக்கு இதைவிட உதவியான சொல்லை நான் யாரிடமும் கேட்டதில்லை. மற்றது, ஊரே மழையில் நனைந்து சிரித்துக்கொண்டிருந்தபோது, மடித்த கித்தானோடு ஏணியின் அடியில் அவர் நின்ற நிலை.