புகைவீட்டுக்காரன் பெண்டாட்டிக்கு இழுப்பு

1. வேலி வந்த இடம்

வெள்ளைக்காரன் ஆட்சியில் அவசரகாலம் போட்டிருந்தபோது, எங்கள் ரப்பர் தோட்டத்தில் அங்கங்கே வரிசை வீடுகளாக இருந்த கூலிக்காரர் லயங்களையெல்லாம் ஒரே இடத்தில் கொண்டுவந்து குவித்தார்கள். காட்டுக்குள் துப்பாக்கியோடு ஒளிந்திருந்த கம்யூனிஸ்டுகளுக்கு நாங்கள் அரிசி கொடுத்துவிடுவோம் என்று அரசாங்கத்துக்குப் பயம். சுற்றிலும் முள்கம்பி, ஒரு கேட், ஒரு காவல் கோபுரம். மாலை ஆறிலிருந்து காலை ஆறு வரை எவனும் வீட்டுக்கு வெளியே தலை காட்டக்கூடாது. புக்கிட் பெலண்டோக் பக்கம் அப்போது எல்லாத் தோட்டத்திலும் இதே கதைதான்.

எங்கள் தோட்டத்தில் அந்த வேலியைப் புகைவீட்டையும் உள்ளே சேர்த்துப் போட்டார்கள். ஒரே காவலில் இரண்டு வேலை முடியுமாம். கடைசி லயத்தில் கடைசி வீடு எனக்கு. புகைவீட்டு அடுப்பிலிருந்து முப்பது அடி. அந்த அடுப்பை எரிக்கிறவனும் நான்தான்.

புகைவீட்டைப் பார்த்திராதவர்களுக்குச் சொல்கிறேன். ரப்பர் பாலை உறையவைத்து, மெஷினில் அழுத்தி, மெல்லிய விரிப்பு மாதிரி சீட்டாக்கி, உள்ளே கம்புகளில் தொங்கவிடுவோம். நாலைந்து நாள் புகை போட வேண்டும். சூடு கூடினால் சீட்டில் கொப்புளம் வரும். குறைந்தால் பூஞ்சை. கூரையில் ஒரு வாய் உண்டு. கயிற்றை இழுத்தால் திறக்கும், விட்டால் மூடும். திறந்தால் சூடு இறங்கும், மூடினால் உள்ளேயே தங்கும். என் தொழில் மொத்தமும் அந்தக் கயிறுதான்.

முன்பெல்லாம் இரவில் இரண்டு முறை எழுந்து போய்க் காய்ந்த கட்டையாகப் போட்டு வருவேன். ஊரடங்கு வந்தபிறகு மாலை ஐந்தரைக்குப் போடுவது காலை ஆறு வரை தாங்க வேண்டும். காய்ந்த கட்டை நாலு மணி நேரத்தில் சாம்பல். அதனால் பச்சை மரத்தைத் திணித்தேன். விறகைக் கொட்டிவைக்க ஒரு கூரைகூடக் கிடையாது, மழையில் ஊறிக் கிடக்கும். ஈர மரம் எங்கே எரியும்? விடிய விடியப் புகையும். விடியற்காலையில் காற்று அசையாது. புகை மேலே ஏறாமல் இறங்கி, லயத்துக்குள் வந்து படுத்துக்கொள்ளும்.

என் மனைவி அஞ்சலைக்கு முன்பே கொஞ்சம் மூச்சிழுப்பு உண்டு. இங்கே வந்த மூன்றாம் வாரம், விடியற்காலையில் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு மீன் மாதிரி வாயைத் திறந்து மூடிக்கொண்டிருந்தாள். தோட்டத்து ஆஸ்பத்திரியில் ஒரு வெள்ளைத் தண்ணீர் கொடுத்தார்கள். கால் வலிக்கும் அதுதான், காய்ச்சலுக்கும் அதுதான்.

2. தொரையின் வைத்தியம்

தோட்டத்து மேனேஜரான வெள்ளைக்காரத் தொரையிடம் ஆறு மாதமாக நடந்தேன். அவருடைய தமிழ், எங்களை மேய்க்கும் மண்டோர்களிடம் கற்ற தமிழ். மரியாதை என்று ஒரு சங்கதி அதில் இருப்பதையே யாரும் அவருக்குச் சொல்லவில்லை.

"தொரே, விறகுக்கு ஒரு கொட்டாய் போட்டுக் குடுங்க. காஞ்ச மரமா இருந்தா பொகை கொறையும். ராத்திரிக்கு ரெண்டு தரம் அடுப்புக்குப் போயிட்டு வர பாஸும் வேணும். எம் பொஞ்சாதிக்கு மூச்சே வரல."

"பொகை நல்லது. கொசு போவும்."

"கொசு போயிடுச்சு தொரே. அடுத்து நாங்கதான்."

"நீ ரொம்ப வாய். போ, சோலி பாரு."

அவர் பங்களா குன்றின்மேல். அங்கே புகையும் இல்லை, கொசுவும் இல்லை.

கடைசியாக, ஆபீசில் கணக்கு எழுதும் கிராணியிடம் கேட்டேன். யாழ்ப்பாணத்து மனிதர், இங்கிலீஷ் படித்தவர், கெட்டவர் அல்ல, பயந்தவர். லோபாக்கில் இருக்கும் அஞ்சலையின் அக்கா வீட்டுக்காவது அவளை அனுப்பப் பாஸ் எழுதித் தரச் சொன்னேன்.

"இப்ப ஏலாது. இருமலுக்கெல்லாம் பாஸ் குடுத்தா தோட்டம் முழுக்க இருமும்."

"தோட்டம் முழுக்க இருமிக்கிட்டுத்தான் இருக்கு ஐயா."

"அது எனக்கும் கேக்குது. இந்தக் காலத்தில தொரை ஒண்டுக்குத்தான் பயப்பிடுவார். வேலிக்கு. ஒவ்வொரு மாசமும் ஆமி ஒபிசர் வந்து வேலியைப் பாத்து ரிப்போர்ட் எழுதிறான். நாளைக்குக் காலமையும் வாறான்."

சொல்லிவிட்டுப் பேரேட்டைத் திறந்துகொண்டார். எனக்கு அது போதும்.

3. வேலி காணாமல் போன காலை

வீட்டுக்கு வந்து அஞ்சலையிடம் சொன்னேன்.

"நாளைக்கு ஒரு காலைக்கு மட்டும் பொகைய கூட்டப் போறேன். வழக்கத்தவிட மூணு மடங்கு இருக்கும். நீ தாங்குவியா?"

"தாங்கலன்னா என்னா செய்வீங்க?"

"செய்ய மாட்டேன்."

கொஞ்ச நேரம் மூச்சு வாங்கினாள். "தெனம் கொஞ்சமா சாவறதுக்கு ஒரு நாள் நல்லா இருமிட்டுப் போறேன். செய்ங்க. மாட்டிக்கிட்டா என்னைக் கேட்டுச் செஞ்சதா மட்டும் சொல்லிடாதீங்க."

அவளைப் புகைவீட்டுக்குத் தள்ளி, கேட் ஓரத்து லயத்தில் ஒரு வீட்டில் படுக்கவைத்தேன். மாலை ஐந்தரைக்கு அடுப்பில் இருந்ததிலேயே ஈரமான மரமாகப் பார்த்துத் திணித்தேன். கூரைக் கயிற்றை அவிழ்த்துவிட்டேன். மேல்வாய் மூடிக்கொண்டால் புகைக்கு அடுப்பு வாய்தான் வழி. சீட் கெட்டால் வேலை போகும். தெரிந்துதான் செய்தேன்.

காலை ஆறு மணிக்கு ஒபிசர் ஜீப்பில் வந்தான். பட்டையைக் கீறிப் பால்மரம் வெட்டப் போகிறவர்கள் அரிசி ஒளித்துக்கொண்டு போகிறார்களா என்று கேட்டில் தடவிப் பார்ப்பதை முதலில் மேற்பார்வை செய்தான். கோபுரத்தில் ஏறி வேலியைப் பார்த்தான். வேலி எங்கே? வெள்ளையாக ஒரு கடல், நடுவில் லயத்துத் தகரக் கூரைகள் நாலு. அதற்கடியிலிருந்து சனங்களின் இருமல்.

மேலே காவலுக்கு நின்ற மலாய்க்காரரிடம் வேலி தெரிகிறதா என்று கேட்டான்.

"தா நம்பாக், துவான்," என்றார் அவர். தெரியவில்லையாம். பிறகு நல்ல மனுஷன் சேர்த்துச் சொன்னார், தினமும் காலையில் இப்படித்தான், இன்றைக்குக் கொஞ்சம் கூட.

ஒபிசர் கீழே இறங்கி, கேட்டில் காத்து நின்ற தொரையைப் பிடித்துக்கொண்டான். இங்கிலீஷில் திட்டியது எனக்குப் புரியவில்லை. தொரையின் காது சிவந்தது புரிந்தது.

"இந்தப் புகைக்குள்ளால காட்டிலிருந்து யானையே வரலாம் எண்டு ஏசினவன்," என்று கிராணி பிறகு சொன்னார். குரலைத் தாழ்த்திக்கொண்டார். "கூரைக் கயிறு தானாவே அவிண்டதோ?"

"எலி கடிச்சிருக்கும் ஐயா."

"ரெண்டு கால் எலியோ?"

ஆறு மாதம் கெஞ்சியும் நடக்காதது நாலு நாளில் நடந்தது. விறகுக்குக் கொட்டகை வந்தது. எனக்கு இரவுப் பாஸ் வந்தது. புகைவீட்டுக்கு லயத்துக் கூரையைவிட மூன்று மடங்கு உயரமாகத் தகரப் புகைபோக்கி வந்தது. அஞ்சலையின் மூச்சுக்காக ஒரு ஆணிகூட அடிக்கவில்லை. எல்லாம் கம்பி தெரிவதற்காக. கெட்ட சீட்டுகளைக் கடைசித் தரத்தில் தள்ளிவிட்டார்கள். என்னை யாரும் கேட்கவில்லை. கேட்டால் தொரை ஒபிசர் பேச்சை மறுபடி எடுக்க வேண்டும்.

4. அஞ்சலை கேட்டது

புகைபோக்கி வைத்த அன்று மாலை அஞ்சலை பின்வாசலில் நின்று அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தாள். புகை நேராக ஏறிக்கொண்டிருந்தது.

"என்னாங்க, மேல போயி அப்பறம் எங்க போவும்?"

"வானம் பெருசு. போட்டதெல்லாம் உள்ள வாங்கிக்கும். நீ போயி சோத்தப் போடு."

நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. அதற்குப் பிறகு நாலு பிள்ளை பெற்றாள். இழுப்பு கொஞ்சம் அடங்கியது, கடைசிவரை முழுதாகப் போகவில்லை.

இப்போது மம்பாவில் மகன் வீட்டில் இருக்கிறேன். வருஷத்துக்கு ஒரு தடவை புகைமூட்டம் வந்து சிரம்பானையே மூடுகிறது. எவன் எங்கே காட்டைக் கொளுத்தினானோ, மூக்கைப் பொத்திக்கொள்வது நாம். ஆலை, காரு, லாரி எல்லாம் விடுகிற புகை வானத்தில் தங்கிச் சூட்டை வெளியே விடாமல் பிடித்து வைத்துக்கொள்கிறதாம், பூமி காய்கிறதாம். டிவியில் படம் போட்டு விளக்கினார்கள். எனக்கு விளக்கவே வேண்டாம். மேல்வாயை மூடிய புகைவீடு. உள்ளே தொங்குவது நாம். என் புகைவீட்டிலாவது கயிறு என் கையில் இருந்தது.

அதனால் இளசுகளே, ஒன்றுதான் சொல்வேன். நாளைக்கு ஒரு பெரிய மனுஷன் உயரமாகப் புகைபோக்கி வைத்துவிட்டோம், இனி கவலையில்லை என்று உங்களிடம் சொன்னால், அஞ்சலை கேட்டதைக் கேளுங்கள். நான் சொன்ன பதிலை அவன் சொன்னால், விடாதீர்கள்.