விரதமிருந்து பெருத்தவர்

மாரப்பன் மாமாவைப் பற்றிப் பேச்சு வந்தால் எங்கள் ஊரில் இன்னும் சிரிக்கிறார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. சிரிப்பவர்களில் பாதிப் பேர் அவர் கையிலிருந்து விழுந்த எலுமிச்சம்பழத்தைத் தின்ற தாய்க்குப் பிறந்தவர்கள். அந்த நன்றிகூட இல்லாமல் தொந்தி அர்ச்சுனன் என்று பட்டம் கட்டிவிட்டார்கள். நான் அவருடைய மச்சான் வேடியப்பன். என் அக்கா தீர்த்தம்மாளைத்தான் அவருக்குக் கொடுத்திருந்தது. கூத்தில் எனக்குக் கட்டியக்காரன் வேஷம், சபைக்கு முன்னால் கோணங்கி பேசிச் சிரிக்க வைக்கிற வேலை. ராஜா, மந்திரி, ரிஷி என்று எல்லாரையும் கேலி பேசியிருக்கிறேன். மாமாவின் உடம்பை மட்டும் என் வாயால் ஒரு நாளும் தொட்டதில்லை.

கம்பைநல்லூரிலிருந்து நடந்து போகிற தூரத்தில் எங்கள் ஊர். திரௌபதி அம்மன் கோயிலில் வருஷா வருஷம் பங்குனியில் பாரதம் நடக்கும். அதில் ஒரு நாள் அர்ச்சுனன் தபசு. பெரிய பனைமரத்தை வெட்டிச் செதுக்கி, இரண்டு பக்கமும் படிக்கட்டைகளை அடித்து, கோயில் முன்னால் வெட்டவெளியில் நட்டு வைப்பார்கள். சிவனிடம் பாசுபத அஸ்திரம் வாங்கப் போகிற அர்ச்சுனன் சாயங்கால வெயிலில் படிக்கு ஒரு பாட்டாகப் பாடிக்கொண்டே உச்சிக்கு ஏறுவார். அங்கிருந்து விபூதியும் வில்வமும் எலுமிச்சம்பழமும் எறிவார். பிள்ளை இல்லாத பெண்கள் ஈரப் புடவையோடு மரத்தைச் சுற்றி மடியேந்தி நிற்பார்கள். மடியில் பழம் விழுந்தவளுக்கு வீட்டில் தொட்டில் ஆடும் என்பது நம்பிக்கை.

மாமா முதன்முதலில் மரம் ஏறியது ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்திரண்டாம் வருஷம். அப்போது அவர் காய்ந்த சோளத்தட்டை மாதிரி இருப்பார். சடைமுடியும் மரவுரியுமாக வந்து நின்றால் விலா எலும்பை எண்ணிவிடலாம். ‘பாவி, பசியில வாடிப் போயிட்டானே’ என்று பெண்கள் கூத்து என்பதையே மறந்து மூக்கைச் சிந்துவார்கள். அந்த வருஷம் ராமக்காள் என்று ஒருத்தி, கல்யாணமாகி ரொம்ப காலம் பிள்ளையில்லாதவள், அவர் எறிந்த பழத்தை மடியில் வாங்கினாள். மறுவருஷம் ஆண் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்து மரத்தடியில் கிடத்தினாள். அவ்வளவுதான், மாமாவின் பேர் பாப்பிரெட்டிப்பட்டி தாண்டிச் சித்தேரி மலை வரைக்கும் போய்விட்டது.

தபசு ஏறுகிறவர் தை மாதமே காப்புக் கட்டி விரதம் இருக்க வேண்டும். சோறு கூடாது, களி கூடாது, அடுப்பில் வெந்த எதுவும் கூடாது. பாலும் பழமும்தான். அந்தப் பாலையும் பழத்தையும் பிள்ளை வரம் கேட்கிற பெண்கள் கொண்டுவந்து கொடுப்பார்கள். இதில் எங்கள் ஊருக்கென்று ஒரு கட்டு உண்டு. கொண்டுவந்தவள் கண் முன்னாலேயே அர்ச்சுனன் அதை முழுக்கச் சாப்பிட வேண்டும். அவள் பாத்திரத்தைக் காலியாக எடுத்துப் போக வேண்டும். மிச்சம் வைத்தால் அவள் வயிறு திறக்காது.

முதல் வருஷம் இரண்டு மூன்று பாத்திரம் வந்தது. ராமக்காள் கதை பரவிய பிறகு காலையில் வாசல் கதவைத் திறந்தால் பெண்கள் வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள். பாலோடு போச்சா? தேங்காய்ப் பூவும் வெல்லமும் பிசைந்த அவல், எள்ளும் வெல்லமும் இடித்த உருண்டை, நெய் விட்ட வாழைப்பழம், ஊறவைத்த நிலக்கடலை. எதுவும் கொண்டுவந்தவள் வீட்டு அடுப்பைத் தொடவில்லை. அதனால் எதுவும் சாப்பாடு இல்லை. ஊர் அப்படித்தான் நினைத்தது, மாமாவும் அப்படித்தான் நினைத்தார், நானும்தான்.

உடம்பு ஏற ஆரம்பித்தது. முதலில் கன்னம் உப்பியது. அப்புறம் கழுத்து. அதற்கப்புறம் மரவுரிக்கு மேலே வயிறு எட்டிப் பார்த்தது. மாமா பதறிப் போனார். விடியும் முன் ஆற்று மணலில் தண்டால் எடுப்பார். வியர்வை காய்வதற்குள் அடுத்தவர் தோட்டத்துக் கிணற்றில் மாடு பூட்டிக் கவலை இறைக்கப் போவார். வேலை முடிந்ததும் அந்தத் தோட்டத்துப் பனையில் ஏறி இறங்குவார். விரதம் இல்லாத மாதங்களில் களியைப் பாதியாகக் குறைத்தார். கொள்ளுத் தண்ணீர் குடிக்கச் சொன்னார்கள், குடித்தார். வைத்தியர் நாடியைப் பிடித்துப் பார்த்து, “இது வாயு உடம்பு, காத்து உள்ள பூந்துக்கிச்சு” என்று சூரணம் கொடுத்தார். அதையும் தின்றார். கோடையில் கொஞ்சம் இளைப்பார். தை வந்து காப்புக் கட்டினால் போனதெல்லாம் வட்டியோடு திரும்பி வரும்.

இதற்கிடையில் சண்டைக்காலம் வந்தது. அரிசி கிடைக்கவில்லை, கேழ்வரகுக்கும் வரிசை. ஊரே இளைத்துக் கிடக்கும்போது ஒருத்தர் மட்டும் பெருத்தால் நாக்கு சும்மா இருக்குமா? தீர்த்தம்மாள் குதிருக்குள் தானியத்தைப் பதுக்கி வைத்துப் புருஷனுக்கு ராத்திரியில் ஆக்கிப் போடுகிறாள் என்று கிணற்றடியில் பேசினார்கள். அக்கா குடத்தைத் தரையில் போட்டு உடைத்துவிட்டுக் கத்தினாள்.

“என் வூட்டுல வந்து பாருங்கடி! நான் ஆக்கற கூழு காக்காய்க்குக்கூடப் பத்தாது. அந்த மனுசன் உடம்பு ஏன் இப்படி ஊதுதுன்னு அந்த ஆத்தாளைப் போயிக் கேளுங்க!”

நாற்பத்து மூன்றாம் வருஷத் தபசில் மாமா பாதி மரம் ஏறியபோது ஒரு படிக்கட்டை படக்கென்று உடைந்தது. அவர் இரண்டு கையாலும் மரத்தைக் கட்டிப் பிடித்துத் தொங்கினார். கூட்டம் ஐயோ என்று கத்தியது உண்மை. ஆனால் அவர் அடுத்த படியில் காலை வைத்ததும் யாரோ ஒருத்தன், “பாத்துங்கோ, பாசுபதத்துக்கு முன்னால மரம் வந்துரப் போவுது!” என்றான். கூட்டம் முழுக்கச் சிரித்தது. மாமா மேலே போய்ப் பாடி, பழம் எறிந்து, இறங்கி வந்தார்.

ஊர்க்கவுண்டர் நஞ்சப்பன் அவரைக் கூப்பிட்டு அனுப்பினார். கெட்ட மனுஷன் இல்லை, ஆனால் ஊர்ப் பேச்சுக்குப் பயந்தவர்.

“மாரப்பா, தபசு இருக்கறவன் தபசி மாதிரி இருக்கோணும். வர்ற வருசம் இளைச்சு வந்தீன்னா ஏறு. இல்லாட்டி காளியன் ஏறட்டும்.”

காளியன் நகுலன் வேஷம் கட்டுகிறவன். இளவயது, ஒல்லி, நல்ல குரல். மாமாவுக்கு அந்த மரம்தான் எல்லாம். நிலம் மானாவாரி, பிள்ளை ஒன்றும் இல்லை. ஆமாம், ஊருக்கெல்லாம் பழம் எறிந்தவருக்கும் என் அக்காவுக்கும் பிள்ளை இல்லை. வருஷத்தில் ஒரு நாள் அந்த உச்சிப் பலகையில் நிற்கும்போதுதான் தான் ஒரு ஆள் என்று அவருக்குத் தோன்றும். அதை அவரே என்னிடம் சொல்லியிருக்கிறார்.

அந்த வருஷம் முழுக்க அவர் பட்ட பாடு சொல்லி மாளாது. ஒரு வேளைக் கூழ், ஒரு வேளை மோர். தண்டாலோடு ஊரைச் சுற்றி ஓட்டமும் சேர்ந்தது. கார்த்திகைக்குள் உண்மையாகவே இளைத்துவிட்டார். காப்புக் கட்டுவதற்கு முன்னால் வாடகைக்கு ஓட்டுகிற எங்கள் மாட்டு வண்டியில் புளி மூட்டை ஏற்றிக்கொண்டு இரண்டு பேரும் பொம்மிடி ஸ்டேஷனுக்குப் போனோம். அங்கே கூட்ஸ் ஷெட்டில் மூட்டை நிறுக்கிற பெரிய தராசு உண்டு. ஒரு தட்டில் புளி மூட்டையை வைத்துவிட்டு, மறுதட்டில் மாமா ஆசையாக ஏறி நின்றார். ஒரு புளி மூட்டைக்குக் கொஞ்சம் குறைவாகவே இருந்தார். அவர் முகத்தில் அவ்வளவு சந்தோஷம். திரும்புகிற வழியெல்லாம் தபசுப் பாட்டுதான்.

விரதம் பாதி போன சமயத்தில் இன்னொரு பாரம் புளியோடு மறுபடி போனோம். மறுபடி ஏறி நின்றார். இந்தத் தடவை புளி மூட்டை மேலே போனது, மாமா கீழே போனார்.

“தராசு பழுதுங்க” என்றார் அங்கே இருந்த குமாஸ்தாவிடம்.

“தராசெல்லாம் சரியாத்தான் இருக்குது. நீ என்னய்யா சாப்பிடறே?”

“ஒண்ணுமே இல்லீங்க. விரதங்க.”

குமாஸ்தா அவரை மேலும் கீழும் பார்த்துவிட்டு அடுத்த மூட்டைக்குப் போய்விட்டார்.

திரும்பி வரும்போது மாமா பாடவில்லை. மாட்டின் வாலையே பார்த்துக்கொண்டு வந்தார். நான்தான் மெதுவாகக் கேட்டேன்.

“மாமா, இன்னைக்கு விடியக் காலம் எத்தனை பாத்திரம் வந்துச்சு?”

“அஞ்சாறு இருக்கும்.”

“என்னென்ன?”

“பாலு ரெண்டு சொம்பு. எள்ளுருண்டை. அவலு. ஒருத்தி பனங்கருப்பட்டியும் நெய்யும். வாழப்பழம் ஒரு சீப்பு. ஏன் கேக்கறே?”

“நம்ம எருது எதைத் தின்னு கொழுத்துச்சுங்க மாமா?”

“எள்ளுப் பிண்ணாக்கு...” என்று ஆரம்பித்தவர் நிறுத்தினார். வண்டி ஓடையில் இறங்கி ஏறியது. அப்புறம் என் மேல் பாய்ந்தார்.

“அது சாப்பாடாடா? பாலும் பழமும் சாப்பாடாடா? அப்ப இத்தனை வருசம் நான் இருந்தது விரதம் இல்லையா? பசிக்குதுன்னு ஒரு வாய்க் களிக்கு ஏங்கினேனே, அது பொய்யா?”

அவருக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தது. எனக்கும்தான். ஓடினதும் தண்டால் எடுத்ததும் கொள்ளுத் தண்ணீர் குடித்ததும் எல்லாம் வீண். எங்களை நாங்களே அறைந்துகொள்ளலாம் போல இருந்தது. ஆனால் ஒரு வழி தெரிந்துவிட்டது. மறுநாளிலிருந்து யார் என்ன கொண்டுவந்தாலும் விரலால் தொட்டு நாக்கில் வைத்துக்கொண்டு பாத்திரத்தைத் திருப்பிக் கொடுத்துவிடுவது என்று முடிவு செய்தோம்.

மறுநாள் வந்தவள் குள்ளம்மாள். சித்தேரி மலைக்காரி. சின்ன உருவம், காலெல்லாம் புழுதி. மலையை விட்டு இறங்கிக் காட்டு வழியாக நடந்தே வந்திருந்தாள். தூக்குப் பாத்திரத்தில் தேனும் நெய்யும் விட்டுப் பிசைந்த தினைமாவு. அந்தப் பஞ்சத்தில் அவ்வளவு தினையை எங்கே சேர்த்தாளோ. மாமா ஒரு விரல் தொட்டு வைத்துக்கொண்டு தூக்கை அவளிடம் நீட்டினார்.

“நல்லா இருப்பே தாயே. போயிட்டு வா.”

அவள் வாங்கவில்லை.

“முழுக்கச் சாப்புடுங்க சாமி.”

“தொட்டா போதும்மா. சாமிக்கு அது போதும்.”

“மாமியா தூக்கைத் திறந்து பாக்கும்ங்க. மிச்சம் இருந்தா வூட்டுக்குள்ள உடாது. வேற பொண்ணு பாத்து வெச்சிட்டாங்க சாமி. இந்தப் பாரதத்தோட சரின்னுட்டாங்க.”

“நீயே வழியில தின்னுடு. இல்லாட்டி ஆத்துல கொட்டிடு. யாருக்குத் தெரியும்?” என்று நான் குறுக்கே பேசினேன்.

அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். “எனக்குத் தெரியுமே” என்றாள்.

மாமா எழுந்து வாசலுக்கும் கூடத்துக்கும் நடந்தார். “ஏம்மா, நான் ஒருத்தன் எத்தனை பேருக்குத்தான் தின்னுவேன்?” என்று கத்தினார். அக்கா உள்ளேயிருந்து வந்து நிலையில் சாய்ந்து நின்றாள். மாமா அவள் முகத்தைப் பார்த்தார், குள்ளம்மாள் முகத்தைப் பார்த்தார். பிறகு உட்கார்ந்து அந்தத் தினைமாவை ஒரு துளி விடாமல் வழித்துத் தின்றார். தின்னும்போதே கண்ணில் தண்ணீர் ஓடியது. ஒருத்திக்குத் தின்றபின் மற்றவளுக்கு எந்த வாயால் இல்லை என்பது? தபசு வரைக்கும் வந்த பாத்திரம் ஒன்றுகூட மிச்சத்தோடு போகவில்லை.

தபசு நாளில் முகத்துக்கு அரிதாரம் பூசி, மார்பு முழுக்க விபூதி குழைத்துப் பூசிக்கொண்டு மாமா தயாராக இருந்தார். கவுண்டர் உள்ளே வந்தார். பின்னால் காளியன் தலையைக் குனிந்துகொண்டு நின்றான்.

“மாரப்பா, மரம் தாங்காதுப்பா. சொன்னா கேளு.”

“மரம் தாங்கும்ங்க. ஊர்க்கண்ணுதான் தாங்காது.”

சொன்னாரே தவிர, தன் கையாலேயே சடைமுடியைக் கழற்றிக் காளியன் தலையில் வைத்தார். வில்லைத் தோளில் மாட்டிவிட்டார். “மூணாம் படிக்கட்டைக்கு மேல இடது காலை முன்ன வெய்யி” என்று மட்டும் சொன்னார். கூட்டம் சலசலத்தது. என்னைப் போய்ச் சிரிக்க வைக்கச் சொன்னார்கள். வயிற்று வலி என்று சொல்லிவிட்டு மாமா பக்கத்தில் மரத்துக்குக் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்துகொண்டேன்.

காளியன் ஏறினான். நன்றாகத்தான் பாடினான், குறை சொல்ல முடியாது. உச்சியிலிருந்து வில்வம் பறந்தது, பழம் விழுந்தது. பெண்கள் முட்டி மோதி மடியேந்தினார்கள். குள்ளம்மாள் அந்தக் கூட்டத்தில் இல்லை. புடவையில் தண்ணீர் சொட்டச் சொட்ட நேராக மாமாவிடம் வந்து மடியை விரித்து நின்றாள்.

“இங்க என்னம்மா இருக்குது?” மாமா எரிந்து விழுந்தார். “மேல பாரு! பழம் அங்கருந்துதான் விழும்!”

“நான் குடுத்ததைத் தின்னது நீங்கதானுங்க சாமி.”

மாமாவிடம் பழம் இல்லை, வில்வம் இல்லை. இரண்டு கையையும் விரித்துக் காட்டினார். அவள் நகரவில்லை. கடைசியில் தன் மார்பில் காய்ந்திருந்த விபூதியை உள்ளங்கையால் தேய்த்து எடுத்து அவள் மடியில் போட்டார். அவள் பின்னால் இன்னொருத்தி வந்து நின்றாள். அவளுக்குப் பின்னால் இன்னும் இரண்டு பேர். “மேல பாருங்கம்மா, மேல பாருங்க!” என்று கவுண்டர் தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தார்.

“அடுத்த வருசம் எவளும் பாத்திரத்தைத் தூக்கிக்கிட்டு என் வூட்டுப் பக்கம் வரக் கூடாது, சொல்லிட்டேன்!” என்று மாமா அழுதுகொண்டே திட்டினார். திட்டிக்கொண்டே தன் வயிற்றிலிருந்த விபூதியையும் வழித்து வழித்துப் போட்டார். சரிங்க சாமி, சரிங்க சாமி என்று எல்லாரும் தலையாட்டினார்கள். ஒருத்திகூட அதைக் காதில் வாங்கவில்லை என்பது அவருக்கும் தெரியும்.