கடை வாசலில் உட்கார்ந்த மதினி

பாதி இறக்கிய ஷட்டருக்குக் கீழே தெரிந்த மதினியின் இரண்டு கால்கள்தான் எனக்கு முதலில் நினைவுக்கு வருகின்றன. மதினி என் அண்ணன் மனைவி. கம்பம் கடைவீதியில் தையல் கடை வைத்திருந்தார். அடுத்த கடை ஒரு மலையாளியின் பேக்கரி.

அணைத் தண்ணீருக்காக இரண்டு மாநிலங்களுக்கும் தகராறு முற்றியிருந்த நேரம். ஏலத்தோட்ட வேலைக்குப் போன நம் பெண்களை எல்லைக்கு அந்தப் பக்கம் மலைக்கு மேலே மிரட்டினார்கள் என்று பேச்சுப் பரவ, கீழே மலையாளிகளின் கடைகளைத் தேடி ஒரு கூட்டம் கிளம்பியது. கூச்சல் கேட்டதும் மதினி பேக்கரிக்காரரையும் அவர் மனைவியையும் கைக்குழந்தையையும் இழுத்துவந்து தன் கடைக்குள் விட்டார். ரவிக்கை வாங்கப் போன நானும் உள்ளே மாட்டிக்கொண்டேன். "அழுகாமப் பாத்துக்க ஆத்தா" என்று குழந்தையை என் மடியில் போட்டார். முழுக்கச் சாத்தினால் சந்தேகம் வருமென்று ஷட்டரைப் பாதி மட்டும் இறக்கி, வெளியே ஒரு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துகொண்டார். நாங்கள் துணி வெட்டும் மேசைக்குப் பின்னால் பதுங்கினோம்.

"அக்கா, அவங்க உள்ளதான இருக்காங்க? நகருங்க" என்றது ஒரு குரல்.

"ஏலே, உன் தங்கச்சி கல்யாண ரவிக்கையை உங்கம்மா இங்கனதான் குடுத்திருக்காக. என்னையத் தள்ளிட்டுப் போயி எடுத்துக்கிறியா?"

கூச்சல் கொஞ்சம் அடங்கியது. அப்போதுதான் பின்னாலிருந்து ஒரு கல் வந்தது. மதினியின் புருவம் கிழிந்தது. முந்தானையால் ரத்தத்தை அழுத்திக்கொண்டாரே தவிர, எழுந்திருக்கவில்லை. "இன்னொன்னு இருந்தா அதையும் எறிஞ்சிட்டுப் போங்கய்யா" என்றார். கூட்டத்திலிருந்த பெரியவர் ஒருவர் கல்லெறிந்தவனைப் பிடரியில் தட்டி இழுத்துப் போனார். மற்றவர்களும் கலைந்தார்கள்.

ஆஸ்பத்திரியில் புருவத்துக்குத் தையல் போட்டு வந்த பிறகு, "எம்புட்டுத் தைரியம் மதினி உங்களுக்கு" என்றேன்.

"தைரியமா? காலு ரெண்டும் நிக்க மாட்டேன்னு ஆடுச்சு. அதான் நாக்காலியப் போட்டு உக்காந்தேன்."

இப்போது நான் தேனியில் ஒரு கல்லூரியில் ஆங்கில இலக்கியம் நடத்துகிறேன். அந்த இலக்கியத்தின் தொடக்கமான ஆங்கிலோ-சாக்சன் காலத்து வீரன் விருந்து மண்டபத்தில் மதுக்கிண்ணத்தை ஏந்தி, ஓரடியும் பின்வாங்க மாட்டேன் என்று சூளுரைப்பான். தலைவன் விழுந்த களத்தில் தானும் விழுவான். தப்பினால் பழி வாங்குவான். ஆநிரை மீட்டு மடிந்தவனுக்கு நடுகல் நட்ட நம் மண்ணுக்கு இது அந்நியமல்ல. பிறகு வீரன் கடவுளுக்காகவும் அரசுக்காகவும் சண்டையிட்டான். பெரும் போர்களுக்குப் பின் பெயர் தெரியாத சிப்பாயும் வீரனானான். கையில் ஆயுதமே இல்லாதவர்களுக்கு அந்தச் சொல் வந்து சேர வெகுகாலம் ஆயிற்று. பாடத்தில் அந்த இடம் வரும்போது நான் மதினியைச் சொல்வேன். அவர் சூளுரைக்கவில்லை. அவர் காத்தது தலைவனை அல்ல, சொந்தக்காரரையும் அல்ல, அடுத்த கடைக்காரரை. ஆனால் பின்வாங்காததில் அந்தப் பழைய வீரர்களுக்கு அவர் நெருங்கிய உறவு.

அந்தக் கலவரத்துக்குப் பயந்து மலைக்கு மேலே தங்கள் ஊருக்குப் போன பேக்கரிக் குடும்பம் சில மாதங்களில் திரும்பி வந்தது. என் மடியில் தூங்கிய குழந்தை இப்போது என் தோளுக்கு மேல் வளர்ந்து நிற்கிறாள். அவளைப் பார்க்கும்போதெல்லாம் மனம் மதினியைக் கும்பிடுகிறது.

போன மாதம் மதினி போன் செய்தார். அவர் தெருப் பெண் ஒருத்தி என் மாணவி, செய்தி போய்விட்டது.

"பாடத்துல என்னையச் சொல்றியாமே?"

கோபமோ என்று நினைத்துக்கொண்டே, "ஆமா மதினி" என்றேன்.

"சொன்னாச் சொல்லிக்க. அந்தக் கல்லெறிஞ்ச பய யாருன்னு மட்டும் சொல்லிராத. அவனுக்கு இப்பத்தான் பொண்ணு பாக்குறாக."