ஆஹா சார்

தாடியின் இடது ஓரம் ஒட்ட மறுத்தது. பசையை விரலில் தொட்டுத் தாடையில் தடவி, பீரோவின் கண்ணாடிக் கதவில் முகம் பார்த்து, ஒரு கையால் தாடியை அழுத்திக்கொண்டே மறு கையால் மேசையை இரண்டு தட்டுத் தட்டினார். நாற்பது பிள்ளைகளும் ஒரே குரலில் “ஆஹா!” என்றார்கள்.

“பத்தல. கண்டுபிடிச்சவன் இப்படியா சொல்லுவான்? தூங்கி எந்திரிச்சவன் மாதிரி இருக்கு. இன்னொருக்கா! அதிசயப்படுங்க, காசா பணமா?”

இவர்தான் எங்கள் பள்ளியின் அறிவியல் ஆசிரியர். பிள்ளைகள் வைத்த பெயர் ஆஹா சார். பக்கத்து அறையில் நான் கணக்கு நடத்துகிறேன். நடுவில் ஒரு பலகைத் தடுப்பு, அதிலும் ஒரு இடுக்கு. ஒரு நாளைக்கு ஏழெட்டு ஆஹாவாவது என் அல்ஜீப்ராவின் நடுவில் வந்து விழும்.

“சயின்ஸை அதோட வரலாற்றோட சொல்லணும் டீச்சர். பிள்ளைங்க கையால செஞ்சு, தானே கண்டுபிடிக்கணும்” என்பார். நூற்றுக்கு நூறு உண்மை. இவர் வாயிலிருந்து வருகிறதே என்பதுதான் என் எரிச்சல். வரலாறு என்றால் இவருக்குத் தாடி. பிஸ்கட் டப்பா ஒன்றில் ஏழு தாடிகள் வைத்திருக்கிறார். எந்த விஞ்ஞானிக்கு எவ்வளவு நீளம், எந்த வருஷம் பிறந்தார், எந்த வருஷம் போய்ச் சேர்ந்தார் என்பதெல்லாம் தலைகீழ்ப் பாடம். அந்த மனிதர் எப்படிக் கண்டுபிடித்தார் என்று கேட்டால் மட்டும் மணி அடித்துவிடும். ஆண்டுவிழாவில் அவர் மனைவி என்னிடம், “எங்க வீட்டுல ரெண்டு தலகாணி தாடியாவே போயிடுச்சுங்க” என்றார். பாவம், அவர் சிரிக்கவில்லை.

கையால் செய்வது என்றால் தெர்மோகோல். எரிமலை, இதயம், சூரியக் குடும்பம் எல்லாம் சாயம் பூசிக்கொண்டு சுவரோரம் நிற்கும். செய்த கை பெரும்பாலும் அம்மாக்களின் கை.

போன மாதம் சிறந்த ஆசிரியர் விருதுக்காக மாதிரி வகுப்பு பார்க்க மூன்று அதிகாரிகள் வருவதாகத் தகவல் வந்தது. மனிதருக்குக் கால் தரையில் பாவவில்லை. ஊசல் பாடத்தைத் தேர்ந்தெடுத்தார். நானூறு வருஷத்துக்கு முன்னால் ஒரு விஞ்ஞானி ஆடும் விளக்கைப் பார்த்தாராம். தன் நாடியைப் பிடித்து எண்ணினாராம். சின்ன ஆட்டமோ பெரிய ஆட்டமோ நேரம் ஒன்றுதான் என்று கண்டாராம். பிள்ளைகளும் நாடி பிடித்து எண்ண வேண்டும், மேசை தட்டியதும் ஆஹா சொல்ல வேண்டும், செய்முறைப் பதிவேட்டில் சின்ன ஆட்டம், பெரிய ஆட்டம் இரண்டுக்கும் இருபது என்று எழுத வேண்டும். எழுத வேண்டிய எண்ணை முதல் நாளே கரும்பலகையில் போட்டுவிட்டார்.

ஒத்திகையில் ஒரு பெண்ணுக்கு நாடி அகப்படவில்லை. வகுப்பில் அவளுக்கு முந்திரிக்கொட்டை என்று பெயர். மணிக்கட்டைத் தடவித் தடவிப் பார்த்துவிட்டு, கைக்கடிகாரத்தைப் பார்த்தே எண்ணிவிட்டாள். இரும்புக் குண்டைக் கொஞ்சமாக இழுத்து விட்டபோது பத்து ஆட்டத்துக்கு இருபது விநாடி. கயிறு படுக்கையாக வரும்வரை தூக்கி விட்டபோது இருபத்திரண்டு. அப்படியே எழுதினாள்.

“அழி” என்றார் ஆஹா சார்.

“எண்ணிப் பாத்தேன் சார். மூணு தடவை.”

“அவரே சமம்னு சொல்லிட்டாரு. நானூறு வருஷமா எவனும் கேக்கல, நீ கேக்க வந்துட்டியா முந்திரிக்கொட்டை?”

“நீங்களும் ஒரு தடவ எண்ணிப் பாருங்க சார்.”

“நான் எதுக்கு எண்ணணும்? எனக்குத்தான் தெரியுமே! பதிவேட்டுல என் கையெழுத்து வேணுமா வேணாமா? கையெழுத்து இல்லாம செய்முறைத் தேர்வு எழுத விட மாட்டாங்க, தெரியும்ல?”

அவள் அழிக்கவில்லை. இடைவேளையில் என்னிடம் வந்து, “மிஸ், நான் தப்பா எண்ணிட்டேனா?” என்றாள். கண் கலங்கியிருந்தது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பாடப்புத்தகத்திலேயே ‘சிறிய ஆட்டத்துக்கு மட்டும்’ என்று போட்டிருக்கிறது. ஆட்டம் பெரிதானால் நேரமும் கூடத்தான் செய்யும். அந்தப் பெரிய விஞ்ஞானியே கோட்டைவிட்டதை இந்தச் சின்னப் பெண் பிடித்திருக்கிறாள்! வரலாறு வரலாறு என்று தொண்டை கிழியக் கத்துகிறவருக்கு அது கண்ணெதிரே நடந்தபோது தெரியவில்லை.

“நீ எண்ணினது சரிடி” என்று சொல்லிவிட்டு நேரே அவரிடம் போய்ப் பாடப்புத்தகத்தை விரித்துக் காட்டினேன்.

“உங்க கணக்கு உங்க ரூமோட இருக்கட்டும் டீச்சர்” என்றார். தாடியைச் சீவிக்கொண்டிருந்தார்.

மறுநாள் அதிகாரிகள் வந்தார்கள். மேசை தட்டினார், முப்பத்தொன்பது ஆஹா எழுந்தது. வாயைத் திறக்காத ஒருத்தியை ஓர் அதிகாரி கவனித்துவிட்டார். “நீ ஏம்மா சொல்லல?” என்று கேட்டார். அவள் எழுந்து வாய் திறப்பதற்குள், “அவளுக்குத் தொண்டை கட்டியிருக்குங்க” என்று இவர் முந்திக்கொண்டார். அதிகாரிகள் கைதட்டி, தேநீர் குடித்து, பதிவேடுகளை நாளைக்கு அனுப்பச் சொல்லிவிட்டுப் போனார்கள்.

அன்று மாலை பள்ளி விட்டபின் விடைத்தாள் கட்டிக்கொண்டிருந்தேன். பக்கத்து அறையில் குண்டு ஆடும் சத்தம். இடுக்கு வழியே பார்த்தேன், பார்க்காமல் இருப்பேனா? தாடி இல்லாத முகத்தோடு தனியாக நின்றிருந்தார். கயிறு படுக்கையாகும்வரை குண்டைத் தூக்கி விட்டு, கடிகாரத்தைப் பார்த்து முணுமுணுவென எண்ணினார். நின்றார். மறுபடி தூக்கி விட்டு மறுபடி எண்ணினார். அப்புறம் “இருபத்திரண்டு” என்று வாய்விட்டே சொன்னார்.

எனக்கு ஒரு நொடி அவர்மேல் மரியாதைகூட வந்தது, வெட்கக்கேடு.

அடுக்கிலிருந்து அந்தப் பெண்ணின் பதிவேட்டை உருவிப் பிரித்தார். அவள் எழுதியிருந்த எண்ணின்மேல் வெள்ளை மையைத் தடவி, காயும்வரை பொறுமையாக ஊதினார். பிறகு குனிந்து, அவளுடைய உருண்டைக் கையெழுத்தைப் போலவே இருபது என்று எழுதி, கீழே தன் கையெழுத்தைப் போட்டார்.